கோல்ஃப் பந்து ஏன் விழ மறுக்கிறது?

எறிபொருளின் இயக்கத்தைப் பாடத்தில் படித்த மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பொருள் மிகத் தொலைவில் சென்று விழவேண்டுமானால் அதை எந்தக் கோணத்தில் எறியவேண்டும் என்றால், “45 பாகை” என்ற விடை உடனே வரும். சமன்பாடும் அதையே சொல்கிறது. ஆனால் தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர் தம் மிக நீண்ட அடிக்கு எடுக்கும் மட்டையின் முகம் 9 அல்லது 10 பாகைதான் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பந்தும் 11 பாகை அளவில், தரையை ஒட்டினாற்போலவே கிளம்புகிறது. அப்படியும் அது 200 மீட்டருக்கு மேல் பறந்து சென்று விழுகிறது. சமன்பாடு பொய்யா? அல்லது சமன்பாட்டில் நாம் எதையேனும் விட்டுவிட்டோமா?

இந்த மட்டைக்கு ‘டிரைவர்’ என்று பெயர். அதன் முகச் சாய்வை ‘லாஃப்ட்’ என்பர். தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் நீண்ட தண்டு ‘ஷாஃப்ட்’. எவருக்கு எத்தனை பாகைச் சாய்வு, எவ்வளவு விறைப்பான தண்டு பொருந்தும் என்பது இன்று கடைகளில் கருவி வைத்து அளக்கப்படும் செய்தி. அந்த அளவீட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இயற்பியல் வரலாறு இருக்கிறது.

கணக்கும் காட்சியும்

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நன்றாக வீசப்பட்ட டிரைவரின் தலை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் நிறை ஏறத்தாழ 200 கிராம். பந்தின் நிறை 46 கிராமுக்கும் குறைவு. கனமான பொருள் இலேசான பொருளை மோதும்போது, இலேசானது மோதியதைவிட விரைவாகப் பாயும். இங்கே பந்து விநாடிக்கு 67 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றே இல்லாத வெளியில், 11 பாகைக் கோணத்தில் கிளம்பினால், அது சுமார் 2.6 விநாடியில் 172 மீட்டர் தொலைவில் விழுந்துவிடும்.

உண்மையில் நடப்பது என்ன? பந்து ஏறத்தாழ 6 விநாடி வானில் நிற்கிறது. 220 மீட்டர் அளவுக்குப் பறக்கிறது. காற்று தடுக்கும் என்றுதான் நாம் படித்தோம். தடுக்கவும் செய்கிறது, கிளம்பும் நொடியில் காற்றுத் தடை பந்தின் எடையைப் போல இரு மடங்குக்கும் அதிகம். ஆயினும் காற்றில்லாத வெளியைவிடக் காற்றுள்ள வெளியில் பந்து கூடுதல் தொலைவு போகிறது!

எடின்பரோவின் பேராசிரியர்

இந்தப் புதிரில் சிக்கியவர் பீட்டர் கத்ரி டெய்ட். 1831இல் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக் கழகத்தில் 1860 முதல் இயற்கைத் தத்துவப் பேராசிரியர். கெல்வின் பிரபுவுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1867இல் வெளிவந்து, ஒரு தலைமுறைக்கு இயற்பியலைக் கற்பித்தது. விடுமுறை வந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் புல்வெளியில் கோல்ஃப் ஆடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு.

அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் பெரும் ஆட்டக்காரர். 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றவர். தந்தை காகிதத்தில் கணக்கிட்டு, “பந்து இந்தத் தொலைவைத் தாண்டவே முடியாது” என்று நிறுவினார் என்றும், மகன் மறுநாளே அதைத் தாண்டி அடித்துக் காட்டினார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் உலவியது. கேட்கச் சுவையான கதை. ஆனால் பாதி உண்மைதான். டெய்ட் அவ்வாறு கணக்கிட்டது சுழலாத பந்துக்கு. கணக்குக்கும் காட்சிக்கும் இடைவெளி இருப்பதை முதலில் கண்டவரும் அவரே. நல்ல அடியில் பந்து 6 விநாடிக்கு மேல் வானில் நிற்பதை அவர் நேரம் பார்த்து அறிந்திருந்தார். அவ்வளவு தாழ்வான பாதையில் செல்லும் பந்துக்கு அவ்வளவு நேரம் எப்படிக் கிடைக்கும்? புவியீர்ப்பை எதிர்த்து ஏதோ ஒன்று அதைத் தாங்கியாக வேண்டும்.

தாங்குவது பந்தின் பின்சுழற்சி என்று அவர் முடிவு செய்தார். பந்தின் அடிப்பக்கம் முன்னோக்கியும் மேற்பக்கம் பின்னோக்கியும் சுழல்வதே பின்சுழற்சி. மேற்பக்கம் காற்றைத் தன்னோடு பின்னுக்கு இழுத்துச் செல்கிறது. அடிப்பக்கம் எதிர்வரும் காற்றை முட்டுகிறது. பந்தைக் கடந்து செல்லும் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுவதால், எதிர்விசை பந்தை மேல்நோக்கித் தூக்குகிறது. மட்டைப்பந்தில் முன்சுழற்சியுடன் வீசப்படும் பந்து திடீரென்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விளைவு தலைகீழானால் பந்து இறங்க மறுக்கும்.

இந்த விளைவு அவர் காலத்துக்குப் புதிதன்று. சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டன் 1672இலேயே குறிப்பிட்டிருக்கிறார். துப்பாக்கிக் குண்டு விலகுவதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் ஆராய்ந்தார். 1852இல் மாக்னஸ் என்ற ஜெர்மானியர் ஆய்வுக் கூடத்தில் அதைக் காட்டியதால் ‘மாக்னஸ் விளைவு’ என்ற பெயர் நிலைத்தது. கோல்ஃப் பந்து உண்மையாகவே அப்படிச் சுழல்கிறது என்று மெய்ப்பித்தது டெய்ட்டின் பங்கு. அவர் செய்த சோதனை மிக எளியது. முறுக்கில்லாத நீண்ட நாடா ஒன்றைப் பந்தில் இணைத்தார். பந்தைச் சற்றுத் தொலைவில் இருந்த களிமண் சுவரில் புதையும்படி அடிக்கச் செய்தார். பிறகு நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். பறந்த சிறு தொலைவில் பந்து எத்தனை முறை சுழன்றது என்பது கையோடு தெரிந்துவிட்டது.

சுழற்சி எதுவானாலும் ஆட்டத்துக்குக் கேடு என்றே அக்கால ஆட்டக்காரர்கள் கற்றிருந்தனர். டெய்ட்டும் அப்படிக் கற்றவர்தாம். அளந்து பார்த்தபின், பின்சுழற்சியே நீண்ட அடியின் இரகசியம் என்று எழுதினார். ஃபிரெடி 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தந்தையும் மறைந்தார்.

1910இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் இதே பொருளை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விளக்கினார். பந்துக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, சுழலும் பந்தின் பாதைகளை அவையோர் கண்முன் வரைந்து காட்டினார்.

சாய்வு செய்யும் வேலை

இப்போது மட்டையின் முகத்துக்கு வருவோம். சாய்ந்த முகம் பந்தைத் தொடும்போது இரண்டு செயல்கள் நடக்கின்றன. பந்து மேல்நோக்கிக் கிளம்புகிறது. முகத்தின் உராய்வினால் பின்சுழற்சியும் பெறுகிறது. நல்ல டிரைவர் அடியில் சுழற்சி நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 வரை இருக்கும்.

சாய்வைக் கூட்டினால் இரண்டும் கூடும். குறைத்தால் இரண்டும் குறையும். தொல்லை இங்கேதான். சுழற்சி அளவு மீறினால் பந்து பலூனைப் போல உயர்ந்து, வேகமிழந்து, செங்குத்தாக விழும். அளவு குறைந்தாலோ தாங்குவார் இல்லாமல் விரைவில் தரை தொடும்.

சரியான அளவு எது என்பதை முடிவு செய்வது வீசுபவரின் வேகம். காற்றின் தூக்குவிசை, பெருமளவுக்கு, வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. விநாடிக்கு 67 மீட்டரில் செல்லும் பந்தைக் காற்று அதன் எடைக்கும் மிகையான விசையுடன் தூக்கும். ஆகவே தாழ்வாகக் கிளம்பினாலும் போதும்; மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். விநாடிக்கு 50 மீட்டரில் செல்லும் பந்துக்கோ அந்த உதவி பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அப்பந்தை மட்டையே உயர்த்தி அனுப்பவேண்டும்.

இதிலிருந்து பலருக்கும் வியப்பளிக்கும் முடிவு பிறக்கிறது. மெதுவாக வீசுபவருக்கே அதிகச் சாய்வு வேண்டும். ஆனால் குறைந்த சாய்வு வல்லவனின் அடையாளம் என்ற எண்ணம் ஆட்டக்காரர்களிடையே வேரூன்றிவிட்டது. வயது ஏறி வீச்சு தளர்ந்தவரும் இளமையில் வாங்கிய 9 பாகை மட்டையை விட மனமின்றிப் பிடித்திருப்பார். பந்து குறுகி விழ, வலிமை போய்விட்டதே என்று இன்னும் பலங்கொண்டு அடிப்பார். அவர் இழந்த தொலைவில் ஒரு பகுதி தோளில் இல்லை, மட்டையின் முகத்தில் இருக்கிறது.

தண்டின் கதை

தண்டுக்கும் தனி வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம் சிறந்த தண்டாகக் கருதப்பட்டது. ஆனால் மரம் வளைவதோடு முறுக்கவும் செய்யும். ஒரு தண்டைப் போல் மற்றொன்று இராது. எஃகுக் குழாய் இக்குறையைத் தீர்த்தது. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924லும், செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் 1929லும் எஃகை ஏற்றன. அதன்பிறகுதான் ஒரே விறைப்புள்ள தண்டுகளை எண்ணிக்கையாகச் செய்யவும், ஆளுக்கேற்ற விறைப்பைத் தேர்ந்தெடுக்கவும் வழி பிறந்தது. 1969இல் ஃபிராங்க் தாமஸ் என்னும் பொறியாளர் கார்பன் இழைகளால் கிராஃபைட் தண்டை உருவாக்கினார். எஃகுத் தண்டு 120 கிராம் அளவில் இருக்க, இன்றைய கிராஃபைட் தண்டு அதில் பாதிதான்.

தண்டு சவுக்கைப் போல மோதலின்போது பந்தை உந்துகிறது என்று பலர் நம்புகின்றனர். 1968இல் வெளிவந்த காக்ரன், ஸ்டாப்ஸ் ஆகியோரின் நூல் இந்நம்பிக்கையைச் சோதித்தது. பந்தும் முகமும் தொட்டிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி விநாடி. அதற்குள் தலை நகர்வது 2 சென்டிமீட்டர். தண்டின் வழியே கை எதுவும் செய்வதற்குள் பந்து போய்விடுகிறது. தலைக்குச் சற்று மேலே தண்டில் கீல் வைத்த மட்டையால் அடித்தபோதும் பந்து ஏறக்குறைய வழக்கமான தொலைவு சென்றது.

அப்படியானால் தண்டு எதற்கு? தலையை மோதும் இடத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு. தலையின் நிறைமையம் தண்டின் நேர்கோட்டில் இல்லை; சற்றுப் பின்தள்ளி இருக்கிறது. ஆகவே வேகமான வீச்சில் தண்டு, மோதலுக்குச் சற்று முன், முன்னோக்கி வளைகிறது; முகத்தின் சாய்வு சற்றுக் கூடுகிறது. இளகிய தண்டு மிகுதியாகவும், விறைத்த தண்டு குறைவாகவும் வளையும். சாய்வையும் தண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தேர்வு எப்படி?

தலையின் வேகம் விநாடிக்கு 38 மீட்டருக்குக் குறைந்தால் 12 பாகை அல்லது அதற்கு மேல், இளகிய இலேசான தண்டு. 40 முதல் 45 வரை 10 முதல் 11 பாகை, நடுத்தர விறைப்பு. 48க்கு மேல் 9 பாகை அளவு, விறைத்த தண்டு. இவை தொடக்கப் புள்ளிகளே. மேல்நோக்கி அடிப்பவருக்குக் குறைந்த சாய்வும், கீழ்நோக்கி அடிப்பவருக்குக் கூடுதல் சாய்வும் தேவைப்படலாம். தண்டின் மீது ‘ஆர்’, ‘எஸ்’ என்று பொறித்த எழுத்துகளுக்குப் பொதுவான தர அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘எஸ்’ மற்றொன்றின் ‘ஆர்’ போல இருக்கலாம். இன்றைய ரேடார் கருவிகள் பந்தின் வேகம், கோணம், சுழற்சி மூன்றையும் நொடியில் சொல்லிவிடுகின்றன. கருவி இல்லாதவர் பறக்கும் பாதையைப் பார்த்தாலே பாதி புரியும். உயர்ந்து செங்குத்தாக விழுந்தால் சுழற்சி மிகுதி. தாழப் போய் உடனே விழுந்தால் சாய்வு போதவில்லை.

1979இல் மரத் தலைக்குப் பதிலாக எஃகுத் தலை வந்தது. 1990களில் டைட்டேனியம் வந்தது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மிகக் கூடாதென்று 2004இல் விதியும் வந்தது. பொருள்கள் மாறினாலும், களிமண்ணில் புதைந்த பந்தின் நாடாவில் டெய்ட் எண்ணிய அந்த முறுக்கே இன்றும் அளக்கப்படுகிறது.

45 பாகை என்ற விடை தவறன்று. காற்றும் சுழற்சியும் இல்லாத உலகத்துக்கு அது மிகச் சரியான விடை. கணக்கு ஒன்று சொல்ல, பந்து வேறொன்று செய்தபோது, டெய்ட் பந்தைக் குறை கூறவில்லை. கணக்கில் விடுபட்டதைத் தேடினார். மாணவர்கள் இந்த விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.