இல்லாதவர் விடுக்கும் மறுமொழி

கடிதத்துக்கு மறுமொழி வாராமை மூன்று காரணம் பற்றி நிகழும். கடிதம் வழியில் தவறியிருக்கலாம். உரியவர் வேற்றூர் சென்றிருக்கலாம். அன்றி, எழுத மனமில்லாதிருக்கலாம். காத்திருப்பவனுக்கோ மூன்றும் ஒரே மௌனம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், 1873இல் தாயகம் மீண்ட பின்னரும் மசாச்சூசெற்சில் இருந்தவாறே தமிழ் வைத்திய நூற்பணியைத் தொடர்ந்தார். அக்காலத்தில் கடிதம் கப்பலேறிச் சென்று மறுமொழி வந்து சேர மாதங்கள் கழியும். 1990இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன ஆண்டுகளில், கடல் கடந்திருந்த எம்மவர் அம்மௌனத்தின் பொருளறியாது பட்ட துயரத்தை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணத்தையேனும் அனுப்பியவருக்கு உடனே உணர்த்தக் கணினியறிஞர் கண்ட உபாயமே தன்னியக்க மறுமொழி. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் மென்பொருளை ஆக்கிய எரிக் ஓல்மன், 1983இல் 'வெக்கேஷன்' என்னும் சிறு நிரலையும் எழுதினார். பெயரின் பொருள் விடுமுறை என்பதே. ஊருக்குப் புறப்படுபவர் ஒரு கோப்பில் தமது செய்தியை எழுதிவைப்பார். வரும் அஞ்சலை நிரல் ஏற்று, அச்செய்தியை அனுப்பியவருக்கு விடுக்கும்.

எந்திரத்தைப் பேசவைத்தல் எளிது. எங்கே வாய்மூடவேண்டும் எனக் கற்பித்தலே அரிது. விடுமுறையில் உள்ள இருவரின் எந்திரங்கள் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறத் தொடங்கின், சேமிப்பிடம் நிரம்பும்வரை அவ்வுரையாடல் ஓயாது. ஆகவே ஓல்மனின் நிரல், மறுமொழி பெற்றோரின் பெயரைக் குறித்துவைத்து, ஒருவருக்கு ஒரு கிழமையில் ஒருமுறையே விடையளித்தது. பெறுநர் வரிசையில் உரியவரின் பெயர் இல்லாத அஞ்சலையும், பலருக்குப் பொதுவாகச் செல்லும் அஞ்சலையும், அஞ்சற் பொறியே அனுப்பும் அறிவித்தலையும் அது புறக்கணித்தது. ஜோன் பொஸ்ரல் 1982இல் வகுத்த அஞ்சல் நெறிமுறையிலும் இவ்வச்சம் தெரிகின்றது. கடிதம் சேரவில்லை என்னும் அறிவித்தலுக்கு அங்கே திரும்பு முகவரி வெறுமையாக விடப்பட்டது. எனவே அதற்கு எவரும் விடையிறுத்தல் இயலாது. 2004இல் கீத் மூர் எழுதிய ஆர்.எப்.சி. 3834 என்னும் ஆவணம், எந்திரம் விடுக்கும் மறுமொழி தன் தலைப்பகுதியிலேயே 'தானாக அனுப்பப்பட்டது' என்னும் அடையாளத்தைத் தாங்கவேண்டும் என விதித்தது. அவ்வடையாளத்தைக் காணும் மற்றைய எந்திரம் மௌனம் காக்கும்.

இன்று மின்னஞ்சற் சேவையகத்தில் இவ்வொழுங்கைச் செய்வதற்குப் பயன்படுவனவற்றுள் ஒன்று 'சிவ்' என்னும் மொழி. அரிதட்டு என்பது அச்சொல்லின் பொருள். 2008இல் வெளியான அதன் விடுமுறைப் பகுதியிலும், நாளெல்லை குறிப்பிடாவிடின், வழக்கமாகப் பழைய ஏழு நாட் கணக்கே பின்பற்றப்படும். கட்டளை சேவையகத்திலேயே இருத்தலின், வீட்டுக் கணினி அணைந்திருப்பினும் மறுமொழி செல்லும். ஆயின் ஒருவருக்கு இரு முகவரிகள் இருப்பின் இரண்டையும் கட்டளையிற் சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடின் இரண்டாவது முகவரிக்கு எழுதியவர் பழைய மௌனத்தையே பெறுவர். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்துவிடலும் நன்று. மார்கழி விடுமுறையில் சென்னை சென்று மீண்ட அடியேன் இதனைச் செய்யத் தவறியமையால், தைப்பொங்கல் கழிந்த பின்னும் 'ஊரில் இல்லை' என்றே எனது முகவரி சொல்லிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் நாள்தோறும் என்னைக் கண்ட நண்பரொருவர் பொய்யன் என்றே எண்ணிவிட்டார்.

தமிழுக்கு இவ்வாய்ப்புப் பிந்தியே கிடைத்தது. ஓல்மன் காலத்து அஞ்சல் ஆங்கில எழுத்துக்களையே சுமந்தது. 1992இல் வந்த 'மைம்' நெறிமுறை பிறமொழி எழுத்துக்களுக்கும் வழிதிறந்தது. யூனிக்கோட் பரவிய பின்னர் தமிழ்ச் செய்தி சிதையாது சென்றடைகின்றது. 'சிவ்' கட்டளைக் கோப்பு யூ.ரி.எப்.-8 குறிமுறையில் எழுதப்படுவதால், அதனுள் நேரே தமிழில் எழுதலாம். மீளும் நாளும், அவசரத்துக்கு அணுகவேண்டியவர் பெயரும் போதும். வீடு பூட்டிக் கிடக்கின்றது என்பதை முன்பின் அறியாதார்க்கெல்லாம் அறிவித்தல் வேண்டா.