சக்கர நாற்காலியில் வந்த டாக்டரம்மா

1947-ஆம் ஆண்டு. செங்கல்பட்டை அடுத்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அதைச் சுற்றிப் பார்க்க வேலூரிலிருந்து வந்திருந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் அறுவை சிகிச்சை படித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வேலைக்கு வந்து சேர்ந்திருந்த இளம் டாக்டர். வழியில் ஒரு நோயாளியின் கையைப் பார்த்தார். விரல்கள் மடங்கி, கழுகின் நகம் போல வளைந்திருந்தன. அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுத்து, "முடிந்த மட்டும் அழுத்து" என்றார். பெயருக்குத்தான் சொன்னார். அந்த மனிதர் அழுத்தியதும் டாக்டருக்கு உயிர் போகிற வலி. செத்துப்போனது என்று எல்லாரும் கைவிட்ட கைக்குள் அவ்வளவு பலம்!

தொழுநோய் கையில் எல்லாத் தசைகளையும் கொல்வதில்லை. முழங்கைப் பக்கமும் மணிக்கட்டிலும் ஓடும் நரம்புகளைத்தான் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல் மடங்கிப்போகிறது. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசை ஒன்றைத் தேர்ந்து, அதன் தசைநாணை நீட்டி நான்காகப் பிரித்து, உள்ளங்கை வழியாக நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தால் என்ன? 1948 முதல் பிராண்ட் அதைச் செய்யத் தொடங்கினார். தைத்தவுடன் கை வேலை செய்துவிடாது. சில வாரம் மாவுக்கட்டு. பிறகு பயிற்சி. இத்தனை நாள் வேறு வேலை பார்த்த தசைக்கு, இனி உன் வேலை விரலை நிமிர்த்துவது என்று நோயாளி தன் மூளையைக் கொண்டே கற்றுக்கொடுக்க வேண்டும்.

இந்த வாரக் கதையின் நாயகி அந்த அறுவை அரங்கத்துக்குள் வந்த வழி வேறு.

மேரி வர்கீஸ், கொச்சிப் பக்கம் செராயி கிராமத்தில் 1925-இல் பிறந்த சிரியன் கிறிஸ்தவப் பெண். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பு, பிறகு டாக்டர் படிப்புக்கு வேலூர். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை, அதற்குள் பெரிய கல்லூரியாக வளர்ந்திருந்தது. ஐடா அம்மையாரும் அப்போது உயிரோடு இருந்தார். பட்டம் வாங்கிய மேரிக்கு மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசை. பிரசவ அறைகளில் ஓடியாடி வேலை செய்து, ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளைக் கையில் ஏந்தவேண்டும் என்ற ஆசை.

1954 ஜனவரியின் கடைசி நாட்களில், இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். மேரியும் அதில் இருந்தார். வண்டி சாலையிலிருந்து உருண்டது. நினைவு திரும்பியபோது முகத்தில் ஆழமான காயம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. தண்டுவடம் அறுபட்டிருந்தது.

அந்தக் காலத்தில் இதற்கு என்ன பொருள் என்பதை மேரியை விட நன்றாக அறிந்தவர்கள் அந்த வார்டில் இருந்திருக்க முடியாது. அவர் டாக்டர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாதக்கணக்கிலேயே இறந்துபோனார்கள். போரில் காயம்பட்ட வீரர்களுக்காக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனிச் சிகிச்சை மையங்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இந்தியாவில் அப்போது அப்படி ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சைகள், பல மாதப் படுக்கை, பக்கவாட்டில் புரட்டிப் போட மற்றவர் கை. காலையில் முகம் கழுவுவதற்குக்கூட ஆள் வரவேண்டும்.

மாற்கு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களில், கப்பர்நகூம் ஊரில் நடந்த இரண்டு குணமளித்தல்கள் வருகின்றன. காய்ச்சலில் கிடந்த சீமோன் பேதுருவின் மாமியாரை இயேசு கைபிடித்துத் தூக்குகிறார். அந்த அம்மாள் எழுந்த கையோடு வந்தவர்களுக்குப் பணிவிடை செய்யப் போய்விடுகிறார். அடுத்தது, நான்கு பேர் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கிய திமிர்வாதக்காரர். அவர் எழுந்து நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலேயே இந்த இரண்டு கதைகளையும் கேட்டு வளர்ந்தவர் மேரி. தனக்கு இரண்டாவது கதை நடக்க வேண்டும் என்று அவர் எத்தனை இரவு ஜெபித்திருப்பார்! அது நடக்கவில்லை. முதல் கதை நடந்தது.

நடத்தி வைத்தவர் பால் பிராண்ட். மற்றவர்கள் மேரியின் காலைப் பார்த்துக் கலங்கியபோது, அவர் கையைப் பார்த்தார். கை அறுவை சிகிச்சையை டாக்டர்கள் பொதுவாக உட்கார்ந்துதான் செய்வார்கள். நோயாளியின் கை ஒரு சிறு மேசை மேல் நீட்டியிருக்கும். டாக்டர் அதன் அருகில் ஸ்டூல் போட்டு உட்காருவார். அந்த ஸ்டூலுக்குப் பதில் ஒரு சக்கர நாற்காலி இருந்தால் என்ன குறை? முதலில் மேரிக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு பிராண்டுக்கு உதவியாளராக உட்கார்ந்தார். ஒரு கட்டத்தில் கத்தியைத் தானே எடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தொழுநோயாளியின் கை உணர்ச்சி இழந்த கை. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் சுடாது. முள் குத்தினால் தெரியாது. விரல்கள் தேய்வது நோயினால் மட்டும் அல்ல, வலி இல்லாததால் நேரும் காயங்களாலும்தான் என்பதைக் கண்டு சொல்லி உலகை நம்பவைத்தவர்களில் பிராண்ட் முக்கியமானவர். மேரியின் கால்களும் அதே போல. நெடுநேரம் ஒரே பக்கம் உட்கார்ந்தால் தோல் நசுங்கிப் புண்ணாகும். ஆனால் அவருக்குத் தெரியாது. கையை ஊன்றி உடம்பை அவ்வப்போது தூக்கிக்கொள்ள வேண்டும். உணர்ச்சியற்ற கால்களோடு உட்கார்ந்து, உணர்ச்சியற்ற விரல்களைத் தைத்துக்கொண்டிருந்தார் அந்த டாக்டர். மேசையின் இரண்டு பக்கமும் ஒரே எச்சரிக்கை, ஒரே கவனம். அவருடைய தோளும் கையும்கூட, இடம் மாற்றிய தசைநாண் போல, கால்கள் செய்துவந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தன.

வெளியே தள்ளப்பட்டு வந்த நோயாளிகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஊரார் விலக்கி, வீட்டாரும் கைவிட்டு, இனி ஒன்றுக்கும் உதவமாட்டோம் என்று முடிவுகட்டி வந்தவர்கள். எதிரே டாக்டர் சக்கரங்களில் உருண்டு வருகிறார், முகத்தில் தழும்போடு. அறிவுரையே தேவைப்படாத ஓர் அறிமுகம் அது.

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தண்டுவட நோயாளிகளுக்கென்றே ஒரு பிரிவு நடந்துவந்தது. அங்கே போய்த் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆள் துணையின்றி மாறுவது, தானே குளிப்பது, உடை மாற்றுவது. வேலூரில் பிறர் தயவில் நடந்த காரியங்கள் எல்லாம் அங்கே பாடத்திட்டம். இதை ஒரு நாட்டின் நோயாளிகள் கற்றுக்கொள்ள முடியும் என்றால், ஆம்பூரிலும் சித்தூரிலும் பனைமரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுந்து முதுகு முறிந்து கிடப்பவர்கள் ஏன் கற்கக் கூடாது?

அடுத்து நியூயார்க். மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் முறைப்படி அந்தத் துறையைப் படித்துத் தேர்ந்தார். நோயாளியாகப் போனவர் நிபுணராகத் திரும்பி வந்தார். 1963-இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகளை உள்ளே சேர்த்துச் சிகிச்சை தரும் இத்தகைய துறை நாட்டிலேயே அதுதான் முதல். 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது.

இங்கே வைத்தியம் என்பது மருந்து மட்டும் இல்லை. அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்க இன்றுவரை மருந்து கிடையாது. ஆகவே டாக்டர் கேட்கவேண்டிய கேள்விகளே மாறிவிடுகின்றன. வீட்டு வாசற்படி எத்தனை உயரம்? கதவு வழியாகச் சக்கர நாற்காலி போகுமா? கழிப்பறை எங்கே? இரவில் புரட்டிவிட யார் இருக்கிறார்கள்? அதற்காகவே மனைவியோ தாயோ நோயாளியோடு வந்து தங்கிப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திரும்பிப் போய் எந்தத் தொழில் செய்து சம்பாதிப்பார்? இந்தக் கேள்விகளைப் புத்தகத்திலிருந்து கேட்கலாம். மேரி வர்கீஸ் தன் உடம்பிலிருந்து கேட்டார். பளபளக்கும் அமெரிக்கக் கருவியைவிட, உள்ளூர்த் தச்சர் செய்து தரும் ஊன்றுகட்டை எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர்நாடி என்பது அப்படிப்பட்டவருக்குத்தான் சட்டென்று விளங்கும்.

1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1986-இல் அவர் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள்; மாதக்கணக்குதான் என்று ஒரு காலத்து மருத்துவம் முடிவுகட்டிய நிலையில்.

பாகாயத்து நிலையம் இன்றும் இயங்குகிறது. இங்கே பயிற்சி பெற்று ஊர் திரும்பியவர்கள் ரிஹாப் மேளா என்ற மறுவாழ்வு விழாவுக்காக மீண்டும் கூடுகிறார்கள். டாக்டர்கள் அவர்களைப் பரிசோதிக்கிறார்கள், விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. தையல்காரர், கடைக்காரர், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் என்று தொழில் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் பழைய வார்டுத் தோழர்களைத் தேடிப் பேசுகிறார்கள். முதுகில் தையல் பிரிக்காத புது நோயாளிக்கு முதலில் பேச்சுத்துணையாக வருகிறவர், பல நேரம் இப்படிப் பழைய நோயாளிதான். நாற்காலியை எப்படித் திருப்பவேண்டும், புண் வராமல் எப்படி உட்காரவேண்டும் என்று தன் நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர் காட்டிக்கொடுக்கிறார்.

பால் பிராண்டின் கதையில் இன்னும் ஒரு பாதி மிச்சம் இருக்கிறது. மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொண்ட தொழுநோயாளிகளையும், 1955-இல் வேலூருக்கு வெளியே கரிகிரியில் எழும்பிய மருத்துவமனையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)