செஞ்சிக் களஞ்சியமும் என் பத்தியமும்

செஞ்சி என்றால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவு வருவது தேசிங்கு ராஜன்தான். பாராசாரிக் குதிரையும், மோவுத்துக்காரன் என்ற உயிர்த் தோழனும் தெருக்கூத்து மேடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1714-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபு சாததுல்லாகானோடு பொருது மாண்ட அந்த வாலிபனுக்காகக் கண்ணீர் விடாத தமிழ்ப் பாட்டி இருந்திருக்க மாட்டாள். ஆனால் நான் இங்கே எழுதப் போவது குதிரையைப் பற்றியும் அல்ல, வாளைப் பற்றியும் அல்ல. சோற்றைப் பற்றி.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் போகிறவர்களுக்கு, பாறைகளை யாரோ வாரிக் கொட்டியது போன்ற மூன்று குன்றுகள் தென்படும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் ஒரே மதிலால் இணைத்து ஒரு கோட்டையாக்கி விட்டார்கள் முன்னோர்கள். 2025-ஆம் ஆண்டில் மராட்டியக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்த வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான். வருகிறவர்கள் கல்யாண மகாலின் முன் நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். மூச்சு வாங்க இராஜகிரியின் உச்சிக்கு ஏறுகிறார்கள். அடிவாரத்தில், தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக இருட்டில் கிடக்கும் நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வெளவால் நாற்றம்!" என்று மூக்கைப் பிடித்துக் கொண்டு திரும்பி விடுகிறார்கள். கிருஷ்ணகிரியின் மேலேயும் கல்லால் கட்டிய களஞ்சியங்கள் உண்டு. அங்கே பாறையைக் குடைந்து, செங்கல் வைத்துக் கட்டிச் சாந்து பூசிய ஒரு தொட்டியும் இருக்கிறது. எண்ணெயும் நெய்யும் நிரப்பி வைக்க அமைத்தது என்று சொல்கிறார்கள்.

எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் பிடித்த இடங்கள் இவைதாம். காரணம் இருக்கிறது. சில வருஷங்களாக நான் ஒரு பத்தியக்காரன்.

மல்லாட்டை, முந்திரிப் பருப்பு, கோதுமை. முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஊசி முனையால் கீறிப் பார்த்த வைத்தியர் எனக்கு விலக்கிய பொருள்கள் இவை மூன்று. 'மூன்றுதானே?' என்று வாசகர்கள் நினைக்கலாம். மல்லாட்டை போனால் கூடவே சட்னி போகிறது, பொரித்த பண்டம் போகிறது, கடலை மிட்டாய் போகிறது. முந்திரி போனால் பாயசமும் பொங்கலும் பாதி இனிப்புகளும் போகின்றன. கோதுமை போனால் ரவை, சேமியா, ரொட்டி, பரோட்டா எல்லாம் போகின்றன. அதோடு விட்டதா? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதா மாவும் சேர்த்திருப்பதுண்டு. அரிசிச் சோறு, துவரம் பருப்புச் சாம்பார் என்று நிம்மதியாக இலை முன் உட்கார்ந்தால், சாம்பாரின் வாசனைக்குள் கோதுமை ஒளிந்து கொண்டிருக்கிறது!

செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டையை விலக்கி வாழ்வது என்பது சாமானியமான காரியம் அல்ல. நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. மணிலாக் கொட்டை என்பது மக்கள் வாயில் மழுங்கி மல்லாட்டை ஆயிற்று. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் செம்மண் மேடுகளில் பெருகி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறியது. முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்த விருந்தாளிதான். கோதுமை நம் நாட்டுத் தானியமே ஆனாலும், நெல் விளையும் தென்னார்க்காட்டில் அது அன்றாட உணவாக இருந்ததில்லை. ஆகவே, முந்நூறு வருஷங்களுக்கு முன் நான் செஞ்சியில் பிறந்திருந்தால், எனக்கு இப்படி ஒரு வியாதி உண்டு என்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்திருப்பேனோ என்னவோ!

அந்த முந்நூறு வருஷத்துக்கு முந்திய செஞ்சிக்கு இப்போது போகலாம்.

1677-ல் சிவாஜி மகாராஜா பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். பன்னிரண்டு வருஷங்கள் கழித்து, மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றபின், இளைய மகன் இராஜாராம் மாறுவேஷத்தில் தப்பி வந்து சேர்ந்ததும் இந்தக் கோட்டைக்குத்தான். விடுவாரா பாதுஷா? தளபதி ஜுல்பிகர்கானைப் பெரிய சைன்யத்தோடு அனுப்பினார். 1690-ஆம் ஆண்டு செப்டம்பரில் மொகலாயப் படை செஞ்சியின் முன் வந்து இறங்கியது. முற்றுகை 1698 வரை நீடித்தது. பின்னர் பாதுஷாவின் மந்திரி அசத்கானும், பாதுஷாவின் இளைய மகன் காம்பக்ஷும் வந்து சேர்ந்து கொண்டார்கள்.

முற்றுகை என்றதும் நம் மனக்கண்ணில் என்ன தோன்றும்? மதிலுக்குள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள். வெளியே இருப்பவர்கள் கறியும் சோறுமாகத் தின்று கொழுப்பார்கள் என்றுதானே? செஞ்சியில் நடந்தது தலைகீழ்.

மூன்று மலைகளையும் சுற்றி ஒரு முழு வளையம் போடுவதற்கு அவ்வளவு பெரிய சைன்யத்தாலும் முடியவில்லை. உள்ளே களஞ்சியம் இருந்தது; சுனைத் தண்ணீர் இருந்தது; காவல் இல்லாத பக்கமாகச் சரக்கும் வந்து கொண்டிருந்தது. மொகலாயப் படைக்கோ சொந்தக் களஞ்சியம் கிடையாது. பாளையம் போகும் இடமெல்லாம் ஒரு நடமாடும் கடைத்தெரு பின்னால் போகும். பஞ்சாரிகள் பொதிமாடுகளில் தானியம் கொண்டு வந்து கொட்டுவார்கள். சிப்பாய் தன் சம்பளத்தில் வாங்கித் தின்ன வேண்டும். சாலை திறந்திருக்கும் வரையில் எல்லாம் கிடைக்கும். சாலை அடைபட்டால் ஒன்றும் கிடைக்காது.

1692 டிசம்பரில் சாலை அடைபட்டது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் பெரும் குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார்கள். காஞ்சிபுரத்து மொகலாய அதிகாரி அலிமர்தான்கான் சிறைப்பட்டான். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டுக் கொண்டார்கள். பாதுஷா இறந்து விட்டார் என்று ஒரு வதந்தி வேறு. இளவரசன் காம்பக்ஷ் கோட்டைக்குள் இரகசியமாகத் தூது அனுப்புகிறான் என்று அறிந்த தளபதிகள், தங்கள் சொந்த இளவரசனையே காவலில் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பசி. தானியம் கொண்டுவர ஜுல்பிகர்கானே படையோடு வந்தவாசிக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் தேசூர் அருகே சந்தாஜி பாய்ந்தான். புந்தேலத் தலைவன் தளபத் ராவ் நின்று போரிட்டிராவிட்டால் தளபதியும் மிஞ்சியிருக்க மாட்டான், தானியமும் மிஞ்சியிருக்காது. அந்தத் தளபத் ராவிடம் உத்தியோகம் பார்த்த பீம்சேன் என்பவர் பாரசீக மொழியில் தம் நினைவுகளை எழுதி வைத்துப் போனதால்தான், அந்தப் பாளையத்தின் அவதி நமக்கு இன்று தெரிகிறது. 1693 ஜனவரியில் கோட்டைக்குள் இருந்தவர்களோடு சமாதானம் பேசிக் கொண்டு, மொகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

கர்நாடக தேசம் முழுவதும் திறந்து கிடக்க, அதில் நின்றவன் பட்டினி. கல் மதிலுக்குள் அடைபட்டவனுக்குச் சோறு. பிற்பாடு படை மீண்டும் வந்தது; 1698-ன் தொடக்கத்தில் கோட்டையும் விழுந்தது. ஆனால் மதில் ஏறித் தாக்கித்தான் பிடித்தார்கள். பசியால் அது விழவில்லை. இராஜாராம் அதற்கு முன்பே தப்பிப் போய்விட்டார்.

இதிலிருந்து பத்தியக்காரனுக்கு என்ன கிடைக்கிறது? அதைச் சொல்லுமுன், இந்த ஒவ்வாமை என்பது என்ன என்று சிறிது பார்த்து விடுவோம்.

1902-ல் சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், கடல் பிராணி ஒன்றின் விஷத்தை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றிப் பழக்கினால் அவை விஷத்தைத் தாங்கும் என்று எண்ணிப் பார்த்தார்கள். மறுமுறை அற்ப அளவு ஏற்றியதுமே நாய் மூச்சுத் திணறிச் செத்தது. காக்க வேண்டிய சக்தியே கொன்றுவிட்டது என்று கண்டு சொன்னதற்காக 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1906-ல் வியன்னாவைச் சேர்ந்த பிர்கே என்ற குழந்தை வைத்தியர் 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். 1921-ல் பிரவுஸ்னிட்ஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர், மீன் சேராத தம் சகா கூஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலிலேயே ஏற்றிக் கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றையும் ஏற்றிக் கொண்டார். அந்த இடம் தடித்து வீங்கியது. குற்றம் மீனில் இல்லை, இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது அப்போது நிச்சயமாயிற்று. அந்த ஏதோ ஒன்று இன்னதென்று கண்டு சொல்ல 1960-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோட்டைப் பாஷையில் சொன்னால், இது வாயிற்காவலனின் வியாதி. காம்பக்ஷைச் சந்தேகித்த தளபதிகளுக்காவது காரணம் இருந்தது. என் உடம்பின் காவலனுக்கு ஒரு காரணமும் கிடையாது. தலையில் நெல் மூட்டையோடு வரும் சாது வியாபாரியைச் சத்துரு என்று எண்ணி அபாயச் சங்கு ஊதுகிறான். படை முழுவதும் ஓடி வந்து கோட்டையைத் தானே கொளுத்துகிறது. தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, தொண்டை அடைக்கிறது. சில பேருக்கு இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிறது. அப்போது உடனே போட வேண்டிய மருந்து அட்ரினலின் ஊசி. அது போட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

நம்முடைய பாட்டிகளுக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. ஆனால் 'கரப்பான் பண்டம்' என்ற சொல் தெரியும். கத்தரிக்காயும் கருவாடும் தின்றால் சிலருக்கு உடம்பில் அரிப்பு எடுக்கும் என்று தெரியும். 'அவனுக்குச் சேராது' என்று சொல்லி இலையில் வைக்காமல் விடுவார்கள். சித்த வைத்தியர்கள் கடும்பத்தியம், மறுபத்தியம் என்று வகுத்து வைத்தார்கள். 1920-களில் ஆல்பர்ட் ரோ என்ற அமெரிக்க வைத்தியர் சந்தேகத்துக்குரிய பண்டங்களையெல்லாம் நிறுத்தி, பின்பு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறையை ஏற்படுத்தினார். அவருடைய நோக்கம் வேறு என்றாலும், பத்தியம் இருந்து பழகியவர்களுக்கு அந்த முறை அந்நியமாகத் தோன்றாது. திருவள்ளுவரோ 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஒரு மருந்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டார். உடலோடு மாறுபடாத உணவை உண் என்பதை மட்டும் இரண்டு குறட்பாக்களில் வற்புறுத்தி வைத்தார்.

இனி, செஞ்சி எனக்குச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். பத்தியம் தொடங்கும்போது மனிதன் தனக்கு எது இல்லை என்றுதான் கணக்குப் போடுகிறான். பரோட்டா இல்லை, கேக் இல்லை, கடலை உருண்டை இல்லை. அது மதிலுக்கு வெளியே பார்த்துக் கொண்டு நிற்கிறவனின் கணக்கு. கோட்டைக்காரனின் கணக்கு வேறு. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும், அதை யார் அளந்து போடுகிறார்கள் என்பதே அவன் கவலை. என் வீட்டு அடுக்களையில் இப்போது அரிசி வகைகளும், கேழ்வரகும், தினையும், சாமையும், வரகும் தனித் தனிப் பாத்திரத்தில் இருக்கின்றன. மாவு அரைக்கும் மில்லில் எனக்கு முன்னால் கோதுமை அரைத்திருக்கிறார்களா என்று கேட்டுத்தான் கேழ்வரகைக் கொடுக்கிறார்கள். பெருங்காயம், மாவு சேராத பாலாக வாங்குகிறோம். வெளியூர் போனால் புளிச்சோற்றுப் பொட்டலமும் ஊசி மருந்தும் பையில் இருக்கும். தின்பண்டப் பொட்டலங்களில் கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை போன்றவை கலந்திருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டில் வகுத்த நம் தேசத்துச் சட்ட விதி. மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக் கொண்டு அந்தப் பொடி எழுத்தை வாசித்த பிறகே கத்தரியை எடுக்கிறேன். இவ்வளவும் ஏற்பாடாகி விட்டால் பசி கிடையாது. ருசிக்கும் பெரிய குறை இல்லை.

குறை இருப்பது வேறோர் இடத்தில். செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்தவர்கள் பகைவர்கள். பத்தியக்காரனைச் சூழ்கிறவர்கள் அன்பர்கள். "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகி விடும்?" "எங்கள் வீட்டுச் சாப்பாடு உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" "கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் பாயசம் வேண்டாம் என்று சொல்லலாமா?" ஒரு வீட்டில், முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டு எனக்கென்று தனியாகப் பாயசம் கொண்டு வந்து வைத்தார் ஓர் அம்மாள். அவர் முகத்தில் இருந்த பரிவைப் பார்த்துக் கொண்டே, கிண்ணத்தைத் தொடாமல் நகர்த்தி வைப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? நெய்யில் வறுத்த முந்திரியின் சத்து பாயசம் முழுவதிலும் இறங்கி விட்டதே! நம் நாட்டில் சோற்றை மறுப்பவன் மனிதரை மறுப்பவன் ஆகிறான். சாப்பாட்டைத் துறப்பதைவிட அந்தப் பெயரைச் சுமப்பது பெரிய பத்தியம்.

இராஜகிரியின் உச்சிக்குப் போகுமுன் ஆழமான ஒரு பிளவு வரும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் மரப் பாலம் ஒன்று போட்டிருந்தார்கள். வேண்டாதபோது எடுத்து விடுவார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சில வீரர்களே ஒரு சைன்யத்தைத் தடுத்து நிறுத்தலாமாம். பாலத்தை எடுக்கிறவன் இந்தப் புறம் நிற்பவர்களை வெறுக்கிறான் என்று அர்த்தம் இல்லை. உள்ளே இருக்கும் உயிர் அவன் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி, சிறு குழந்தையாகவே இருந்தாலும், "எனக்கு இது சேராது" என்று சொன்னால், வற்புறுத்தாதீர்கள். இலையில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சோறு போடுங்கள்.