அரிசிக்குள் ஒரு பைப்லைன்

"மலருக்கு ஏதாவது எழுதுப்பா. ஹாஸ்டல் கலாட்டா பத்தி ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு!" என்று ஆசிரியர் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் போன் செய்தார். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஆனாலும் நம்ம மெஸ் சோறு இல்லாமல் ஒரு கட்டுரையா! அந்த வெள்ளைச் சோற்றை மஞ்சளாக்கிய வரலாற்றைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், நம்ம சப்ஜெக்ட்தான்.

செடியும் ஒரு கெமிக்கல் பிளாண்ட்தான். மூலப்பொருள் பல படிகளில் மாறி வேறொரு பொருளாகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு என்சைம். அந்த லைனில் அடைபட்ட இடத்தைத் திறந்து, இல்லாத படியைச் சேர்த்து, நமக்கு வேண்டியதைச் செடியையே தயாரிக்க வைப்பதற்கு வளர்சிதைமாற்றப் பொறியியல் என்று பெயர். பெயர்தான் பெரிசு!

நெல்லின் பச்சை இலையில் பீட்டா கரோட்டீன் இருக்கிறது. நம் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். ஆனால் நாம் தின்பது இலையை அல்லவே! தீட்டிய அரிசியில் அது கிடையாது. வெறும் சோறே கதியான குழந்தைக்கு மாலைக்கண் வரும். விளக்கு வைத்த பிறகு சுவரைத் தடவித் தடவி நடந்த தன் தம்பியைப் பற்றி என் பாட்டி சொல்லுவார். கண்ணோடு போகிற விஷயமும் இல்லை. திருச்சி மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1990இல் வெளியானது. வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. பாதிக்கும் மேல்!

சோற்றிலேயே அது இருந்தால்? 1984இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பேச்சு எழுந்தது. புது மரபணு நுட்பத்தால் நெல்லில் என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஐ.ஆர்.8 ரகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் ஜென்னிங்ஸ் "மஞ்சள் அரிசி" என்றாராம். ஒட்டுக்கட்டிப் பார்க்க மஞ்சள் அரிசி நெல் ரகமே கையில் இல்லை. ஆகவே பைப்லைனிலேயே கைவைக்க வேண்டியதாயிற்று.

சூரிச்சில் இங்கோ போட்ரிகஸ், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பீட்டர் பெயர். இருவரும் 1990களில் இறங்கினார்கள். அரிசிக்குள் இருபது கார்பன் கொண்ட மூலப்பொருள் தயாராகவே இருந்தது. அதில் இரண்டை இணைத்துப் பைட்டோயீன் ஆக்கும் படி மட்டும் அங்கே ஷட் டவுன். அதற்கு டாஃபடில் என்ற பூச்செடியின் மரபணுவை வைத்தார்கள். அடுத்து, செடி பல என்சைம்களை வைத்துச் செய்கிற வேலையை ஒரே என்சைமில் முடிக்கிற பாக்டீரியா மரபணு ஒன்று. 2000 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் செய்தி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த இரண்டோடு நிறுத்தினால் தக்காளிச் சிவப்பான லைகோபீன் அல்லவா சேர வேண்டும்? அரிசி மஞ்சளாகவே வந்தது! கடைசிப் படியை நெல்லே பார்த்துக்கொண்டது.

ஆனால் அளவு? ஒரு கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம்தான். "இதை வைத்துப் பலன் பெற ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தின்பது?" என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இங்கே என் மானம் போன கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உற்பத்தி போதவில்லை என்று பெரிய பம்ப் போடச் சொன்னேன். போட்டார்கள். ஒரு கிலோகூட ஏறவில்லை! அடைப்பு பம்பில் இல்லை, அடுத்திருந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரில். அரிசிக்காரர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அடைப்பு எங்கே என்று முதலில் தேடினார்கள். டாஃபடில் என்சைம்தான் மந்தம். பல செடிகளின் மரபணுவைச் சோதித்து, மக்காச்சோளத்தினுடையதை வைத்தார்கள். 2005இல் 37 மைக்ரோகிராம் வரை எட்டியது. 23 மடங்கு!

அப்புறம் ஏன் நம்ம ரேஷன் கடைக்கு வரவில்லை? அடுத்தடுத்த அடைப்புகள் வேறு இடங்களில். நம் நாட்டு விஞ்ஞானிகள் ஸ்வர்ணா ரகத்துக்கு இதைக் கொண்டுவந்தபோது செடி குட்டையாகி, விளைச்சலும் குறைந்தது. புகுத்திய மரபணு, நெல்லின் சொந்த மரபணு ஒன்றின் நடுவே போய் உட்கார்ந்திருந்ததை 2017இல் எழுதினார்கள். சீனாவில் குழந்தைகளுக்கு இந்தச் சோற்றைக் கொடுத்துச் செய்த ஆய்வு, சம்மதம் கேட்ட முறை சரியில்லை என்பதால் 2015இல் திரும்பப் பெறப்பட்டது. 2013இல் பிலிப்பைன்ஸில் சோதனை வயலைப் பிடுங்கியே போட்டார்கள். அதே நாடு 2021இல் சாகுபடிக்கு அனுமதித்தது. 2024 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது.

எதிர்த்தவர்கள் எல்லாரும் மூடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிக் கேட்பதும் பிராசஸில் ஒரு படிதான். அதை விட்டுவிட்டால் அதற்கப்புறம் எந்த என்சைமும் ஓடாது.

என் மகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்று, நர்ஸ் அம்மா ஒரு ஸ்பூன் வைட்டமின் ஏ திரவம் கொடுத்தார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, மறக்காம கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். நாங்கள் மறக்கவில்லை. முருங்கைக்கீரையும் வீட்டில் உண்டு. ஸ்பூனும் எட்டாமல், கீரையும் இல்லாமல், சோறு மட்டும் எட்டுகிற வீடுகளுக்காகத்தான் அந்த மஞ்சள் அரிசியை நினைத்தார்கள்.

நாற்பது வருஷம் ஆச்சு. அரிசிக்குள்ளே லைன் ஓடுகிறது. வெளியே இருக்கிற அடைப்பைப் பார்க்க நம்மில் யாராவது கிளம்ப வேண்டும். வேளாண்மைத் துறையிலும் சட்டத்திலும் இருக்கிற நண்பர்களே, சந்திப்பு அன்று மத்தியானச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்காருங்கள். நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது!