விளிம்பில் உள்ள பெயர்



பழைய பதக்கம் ஒன்று கைக்கு வந்தால் நாம் முகப்பில் உள்ள மன்னரின் தலையைப் பார்ப்போம். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது விளிம்பை. 1914–18 போருக்காகப் பிரித்தானியா வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியத் தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில்தான் கிடைத்தது.

1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டொலரை நெருங்கியபோது, இப்பதக்கங்கள் பல உருக்கப்பட்டன. கணக்காளனாகச் சொல்கிறேன்: அந்த விற்பனையில் வெள்ளிக்கு மட்டுமே விலை போட்டார்கள், பெயர் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களோ பெயர் பொறிக்கப்படாமலே வந்தன. அவற்றோடு வந்த தாளும் பெட்டியும் தொலைந்தால், யாருடையது என்று அறிவது கடினம்.

இடம்பெயர்ந்தபோது நாம் விட்டுவந்த பத்திரங்கள் எத்தனை! உங்கள் வீட்டில் பதக்கமோ, சேவைச் சின்னமோ, பாடசாலைச் சின்னமோ இருந்தால் மினுக்க வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் அழிந்துவிடும். யாருடையது, எதற்காகக் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.