தீர்ப்புக்கு முந்தைய நாட்கள்: குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சேவைக்குச் சட்டமன்றம் தனி நிதி ஒதுக்க வேண்டும்

குற்றம் நடந்த இரவுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையில் பாதிக்கப்பட்டவரின் வாழ்க்கைச் செலவை யார் ஏற்பது? 2009ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் இதற்குப் பாதி விடை சொன்னது. அதன்வழி வந்த 357அ பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் திட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே ஏற்பாடு 396ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டாலும், வழக்கு விசாரணையே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். சட்டத்தின் வாசகத்தில் எனக்குக் குறை இல்லை. அந்த வாசகத்தைப் பாதிக்கப்பட்டவரின் வீட்டு வாசல்வரை கொண்டுசேர்க்க ஆளும் இல்லை, அதற்கான வரவு-செலவுத் தலைப்பும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னைப் புறநகர்ப் பம்மலை எடுத்துக்கொள்வோம். பம்மல், நாகல்கேணிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் நாள்கூலிக்குப் போகும் ஒருவர் இரவு வேலை முடிந்து திரும்பும்போது வெட்டுப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புகார் சங்கர் நகர் காவல் நிலையத்தில். சிகிச்சை குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில்; காயம் பெரிதென்றால் அங்கிருந்து வேறு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். வீட்டார் எஃப்.ஐ.ஆர். நகலுக்கு ஒருநாள், ஏ.ஆர். காப்பிக்கு (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகல்) ஒருநாள், காயச் சான்றுக்கு ஒருநாள் என்று அலைய வேண்டும். இழப்பீட்டு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஆணைக்குழுவோ சுமார் 35 கிலோமீட்டர் தள்ளிச் செங்கல்பட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலியைத் தின்னும். கடைசியில், கிடைக்கக்கூடிய தொகையைவிடக் கையில் இருக்கும் கூலி பெரிதாகத் தோன்றிவிடுகிறது. விண்ணப்பம் போடாதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்வது பெரும் அநியாயம்.

நிர்வாக எல்லைகள் இந்தச் சுமையைக் கூட்டுகின்றன. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், செம்பாக்கம், தாம்பரம் நகராட்சிகள் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2022 ஜனவரியில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் செயல்படத் தொடங்கியது. அதன் தலைமை அலுவலகம் இருப்பது சோழிங்கநல்லூரில். இந்த ஒரே ஆணையரகத்துக்குள் செங்கல்பட்டு மாவட்டத்துப் பம்மலும், காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலமும், சென்னை மாவட்டத்துப் பள்ளிக்கரணையும் அடங்கும். காவல்துறைக்கு ஒரு வரைபடம், வருவாய்த்துறைக்கு இன்னொன்று. வீட்டில் சாவு விழுந்த நிலையில் எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போவது என்பதை ஒரு குடும்பம் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் உடனடி உதவிக்கும் வழி வைத்திருக்கிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ நீதித்துறை நடுவரோ சான்று கொடுத்தால், ஆணைக்குழு இலவச முதலுதவிக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் உத்தரவிடலாம். 2014இல் சுரேஷ் எதிர் ஹரியானா அரசு வழக்கில், இடைக்கால இழப்பீடு தேவையா என்று நீதிமன்றங்கள் தாமாகவே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே கருத்தைப் பாலியல் குற்ற வழக்குகளுக்காக 2024இலும் அது மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. பத்தாண்டு இடைவெளியில் ஒரே கட்டளையை இருமுறை இடவேண்டி வந்தது எதனால்? பந்தோபஸ்துக்கும் வாய்தாவுக்கும் ஓடும் ஆய்வாளரிடம் அந்தச் சான்று வேலையோடு வேலையாகத்தான் வந்து சேர்கிறது. அதையே தன் பணியாகக் கொண்ட தனி ஆள் அவர் நிலையத்தில் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் நாம் இதைவிட நன்றாக யோசித்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், விசாரணை முடியும்வரை குழந்தையோடு இருக்க ஓர் உதவி நபரை நியமிக்க வழிசெய்கின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்பு விதிகளோ நிவாரணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டன. கொலை வழக்கில் பாதித் தொகை பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் கிடைக்க வேண்டும். தீர்ப்புக்குக் காத்திருக்காமல் கொடுக்க அரசுக்குத் தெரியும். கொடுஞ்செயலுக்கு ஆளாகும் மற்றவர்களுக்கும் அந்த அறிவு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தது 2019இல். கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது 2025 மே 13இல். அந்த ஆறாண்டு அவர்கள் உறுதியாக நின்றார்கள். அந்த உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் சாட்சிகளின் தனிப்பட்ட துணிச்சலை நம்பி ஒரு மாநிலம் தன் நீதிமுறையை நடத்தக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். கசிந்து மாணவியின் அடையாளம் வெளியானபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. பாதிக்கப்பட்டவரைக் காக்கும் ஏற்பாட்டில் ஓட்டை இருந்தால், அதற்கான செலவு பிறகு வேறு வழியில் அரசிடமே வந்து நிற்கும்.

பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதில் கவனம் தேவை. அமெரிக்கா 1984இல் ஏற்படுத்திய பாதிக்கப்பட்டோர் நிதி, மத்தியக் குற்ற வழக்குகளின் அபராதத்தை நம்பியது. அபராத வரவு சுருங்கியபோது மாநிலங்களின் சேவை மையங்களும் சுருங்கின. 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இந்திய அரசு நிர்பயா நிதியிலிருந்து மத்திய இழப்பீட்டு நிதிக்குத் தந்த 200 கோடி ரூபாய் ஒரேயொரு முறை தந்த தொகை. அபராதமும் ஒருமுறை மானியமும் மாதச் சம்பளம் போட உதவா. காவல் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. அதன் மானியக் கோரிக்கையை ஆண்டுதோறும் நிறைவேற்றுவது சட்டமன்றம். ஆகவே பாதிக்கப்பட்டோர் சேவைக்கும் அங்கேதான் தனித் தலைப்பு வேண்டும்.

பணம் வாங்கியவரின் சாட்சியம் கறைபடும் என்ற மறுப்பைப் புறந்தள்ள முடியாது. குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆனால் பேருந்துக் கட்டணமும் மனநல ஆலோசனையும் விண்ணப்பம் நிரப்பித் தரும் உதவியும் எந்தச் சாட்சியத்துக்கும் விலை ஆகா. பொய் வழக்கு போட எவரையும் தூண்டவும் செய்யா. ஒரே தொகையை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பதுதான் அந்தச் சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் கழகம் 1992இல் தொடங்கப்பட்டது சென்னையில். இத்துறையில் சிந்தித்தவர்களுக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. தாம்பரம் ஆணையரக எல்லையை முதல் களமாக எடுத்துக்கொள்ளலாம். காவல்துறைக்குக் கீழ்ப்படியாமல், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சம்பளத்தில், நிலையத்துக்கொரு உதவி நபர் வேண்டும். கொலையுண்டவர் குடும்பத்துக்கும், கொடுங்காயம் பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் அவர் பொதுவாக இருக்க வேண்டும். குரோம்பேட்டை மருத்துவமனையிலேயே விண்ணப்பம் வாங்கும் மேசை ஒன்று வேண்டும். மூன்று மாவட்ட ஆணைக்குழுக்களில் எதனுடைய விண்ணப்பமானாலும் அந்த மேசையில் பதிவாக வேண்டும். எத்தனை வழக்கில் இடைக்கால நிவாரணம் கேட்கப்பட்டது, எத்தனையில் எத்தனை நாளில் கொடுக்கப்பட்டது என்ற கணக்கைக் காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்போடு சேர்த்து ஆண்டுதோறும் அவையில் வைக்க வேண்டும். பல்லாவரம், தாம்பரம், சோழிங்கநல்லூர் தொகுதிகளின் உறுப்பினர்கள் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் முதலில் இந்தக் கணக்கைக் கேட்கட்டும்.