ஒரு சோறு பதமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் அடுப்படியில் பிறந்த பழமொழி. தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய அன்பர்களின் இல்லங்களிலும் அது இன்றும் வழங்கி வருகிறது. பானையில் அரிசி ஒன்று, நீர் ஒன்று, நெருப்பும் ஒன்று. ஆகவே ஒரு சோறு போதும். ஆனால் ஒரு வயலின் விளைச்சலை அறிய ஒரு கதிர் போதுமா? போதாதெனில் எத்தனை வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் நம் நாட்டிற்குச் சிறப்பான இடம் உண்டு.

கேள்வியின் கடுமையை உணர வட்டவடைக்குச் செல்வோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த மலையூர் அது. அங்குள்ள உழவருள் பலர் தமிழர். தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர் என வழிவழியாகக் கூறுவர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய நிலங்களில் வெள்ளைப்பூண்டு விளைகிறது. ஒரு படியில் வெயில், மறு படியில் நிழல். ஓரிடத்தில் மண் ஆழம், வேறிடத்தில் பாறை. ஒரே விதையை ஒருவரே ஊன்றினாலும் பூண்டின் எடை இடத்துக்கு இடம் மாறும். இங்கே ஒரு சோற்றைப் பதம் பார்த்தால் ஏமாந்து போவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் விளைச்சலைக் கண்ணால் மதிப்பிட்டனர். முழு விளைச்சலை 16 அணா எனக் கொண்டு, இவ்வாண்டு 10 அணா, 12 அணா என்று எழுதினர். அந்த அணாக் கணக்கை வைத்தே வரித் தள்ளுபடியும் பஞ்ச நிவாரணமும் முடிவாயின. எழுதுகோல் சற்றுத் தவறினால் உழவன் வயிறு காய்ந்தது.

ஹப்பேக் என்னும் ஆட்சிப்பணி அதிகாரி 1923 முதல் 1925 வரை பீகார், ஒரிசா நெல்வயல்களில் வேறு வழியைக் கையாண்டார். கண்ணுக்குப் பிடித்த இடத்தை விடுத்து, குருட்டாம்போக்கில் அமைந்த இடங்களில் ஏக்கரில் 3,200-இல் ஒரு பங்கான முக்கோணச் சட்டத்தை வைத்து, அதனுள் நின்ற நெல்லை அறுத்து நிறுத்தார். அவருடைய ஆய்வு 1927-இல் வெளிவந்தது. அது தம் ஆய்வுமுறைகளின் வளர்ச்சியில் பெரிதும் செல்வாக்குச் செலுத்தியதாக இங்கிலாந்தின் புள்ளியியல் மேதை ஃபிஷர் பின்னாளில் கூறினார்.

1937-இல் பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் பயிருக்கு மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். முதலில் சிறிய அளவில் வெள்ளோட்டம் பார்த்து, பயிரின் வேறுபாட்டையும் செலவையும் அறிந்து, அதன்பின் மாதிரியின் அளவை முடிவு செய்வது அவர் முறை.

அவர்கள் கண்ட உண்மை யாதெனில், மாதிரியின் எண்ணிக்கையை முடிவு செய்வது பெரும்பாலும் நிலத்தின் பரப்பன்று, பயிரின் ஏற்றத்தாழ்வே. பூண்டின் சராசரி எடை 20 கிராம், வழக்கமான ஏற்றத்தாழ்வு 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியுடன் 2 கிராம் பிழைக்குள் சராசரியை அறிய ஏறக்குறைய 35 பூண்டுகள் போதும். பிழையை 1 கிராமாகக் குறைக்க ஏறக்குறைய 140 வேண்டும். பிழையைப் பாதியாக்க உழைப்பு நான்கு மடங்காகிறது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது. மிகச் சிறிய துண்டுகளை அறுத்தால், எல்லைக்கோட்டில் நிற்கும் செடிகளும் உள்ளே சேர்ந்து விளைச்சல் மிகையாகத் தோன்றும் என்று சுகாத்மே 1946-இல் எடுத்துக்காட்டினார். கோணிய தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் நிறை நேராகாது. படியின் ஓரத்தில் கொழுத்த பூண்டுகளையே பொறுக்கினால், 140 அன்று, 1,400 எடுத்தும் பயனில்லை. ஒவ்வொரு படிக்கும் பங்கு தந்து, அதற்குள் விருப்பு வெறுப்பின்றி எடுத்தல் வேண்டும்.

2022-இல் காந்தளூர்–வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் பூண்டு தனித்தன்மை உடையது என்னும் உழவர் சொல்லுக்கு அளவைதான் சான்று. இன்று பயிர்க் காப்பீட்டுத் தொகையும் பல இடங்களில் அறுவடைச் சோதனையைச் சார்ந்தே நிற்கிறது. எத்தனை எடுத்தோம், எங்கிருந்து எடுத்தோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொல்லும்போதுதான், மலைப்படியில் குனிந்து உழைப்பவனுக்கு உரியது அவன் கையைச் சேரும்.